கார் கதவில் விழுந்த சின்ன டென்டை வீட்டிலேயே எடுக்க முடியுமா, கடைக்குத்தான் போகணுமா?

முதலில் பள்ளத்தின் மேல் விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயும் தட்டவில்லை, பெயின்ட் உரியவில்லை என்றால் குழியில் பட்டி என்கிற பசையை வைத்து நிரப்பி, மேலே பெயின்ட் அடிக்கிற கடைப் பக்கமே போகாதீர்கள்.

எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒரு பைக் சாய்ந்து, ஹேண்டில்பார் இடித்து, என் கார் பின்கதவில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குக் குழி. அதற்குச் சில மாதம் முன்னால்தான் ரிவர்ஸில் தூணில் முட்டி அமுங்கிய பம்பர் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, உள்பக்கமாகக் கையை விட்டுத் தள்ளிச் சரிசெய்திருந்தேன். அந்தத் தெம்பில் கதவுக்கும் ஒரு கெட்டில் வெந்நீர். ஒன்றும் நடக்கவில்லை. பம்பர் பிளாஸ்டிக், சூட்டுக்கு இளகும். கதவு இரும்புத் தகடு, அது வெந்நீருக்கெல்லாம் மசியாது. ரப்பர் உறிஞ்சியும் வாங்கினேன். அகலமான, ஆழமில்லாத அமுங்கலுக்கு அது சரி; காசு அளவுக் குழியில் பிடிமானமே கிடைக்காது.

டிங்கரிங் கடையில் கேட்டால், "பட்டி வெச்சு கதவு முழுக்க அடிச்சிடலாம் சார், 4,500 ஆகும்" என்றார்கள். ஒரு காசுக் குழிக்காக கம்பெனி பெயின்ட்டைத் தேய்த்து எடுக்க மனசு வரவில்லை. சில்வர் மாதிரி மெட்டாலிக் கலர் என்றால் பக்கத்துக் கதவோடு ஒத்துப்போவதும் சந்தேகம்தான். பின்னால் விற்கும்போது, பெயின்ட் தடிமன் பார்க்கிற மீட்டரை வைத்தால் பட்டி காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியில் பெயின்ட் அடிக்காமல் டென்ட் எடுப்பவர் ஒருவர் கிடைத்தார். பி.டி.ஆர். என்பார்கள். கதவுக்கு எதிரே கோடு போட்ட எல்.இ.டி. பலகையை வைத்தார், குழி இருந்த இடத்தில் மட்டும் கோடுகள் வளைந்து தெரிந்தன. ஜன்னல் கண்ணாடி இடுக்கில் வளைந்த கம்பியை விட்டு, பின்பக்கமிருந்து நெம்பினார். ஒரே நெம்பில் அல்ல, ஐம்பது அறுபது தடவை, துளித்துளியாக. கொஞ்சம் அதிகமாகப் புடைத்த இடத்தை பிளாஸ்டிக் முனையால் தட்டி இறக்கினார். முக்கால் மணி நேரத்தில் கோடுகள் நேராகிவிட்டன. 1,200 ரூபாய் வாங்கினார். கதவு ஓரத்திலோ பாடி லைன் எனப்படும் தகட்டு மடிப்புக் கோட்டின் மேலோ மடிந்திருந்தால் தகடு இழுபட்டுப் போயிருக்கும், முழுசாக வராது என்று முன்பே சொல்லிவிடுகிறார்கள், அதுவரை நேர்மை.

இன்சூரன்ஸ்? இவ்வளவு சின்னதுக்கு வேண்டாம். 1500 சிசி வரையுள்ள காருக்கு எப்படியும் முதல் 1,000 ரூபாய் நம் கையிலிருந்துதான். அதோடு, சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸும் போகும். ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில், அதாவது நம் காரின் சேதத்துக்காகக் கட்டுகிற பங்கில், அது 50 சதவீதத் தள்ளுபடி.

பெயின்ட் உடைந்து இரும்பு தெரிந்தால் மட்டும் கதை வேறு. குழியை அப்புறம் பார்க்கலாம், முதலில் டச்-அப் பெயின்ட் வாங்கிப் பூசுங்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர் என்றால் துரு சீக்கிரமே பிடித்துவிடும்.