07/99 தோனி கார்டுக்கு மூணு மடங்கு விலை கொடுக்கலாமா?

கும்பகோணம் தம்பிக்கு வணக்கம். சேகரிப்பவர்களுக்காக 99 மட்டுமே அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் வரிசை எண் போட்ட கிரிக்கெட் கார்டு இது. அதே தோனி கார்டில் 43/99 (43-ஆவது) நாலாயிரம், 07/99 (7-ஆவது) பன்னிரண்டாயிரம் என்கிறார்களே, நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூடுதல் விலை நியாயம்தான். ஆனால் மூணு மடங்கு எனக்கு அதிகமாகவே படுகிறது. அட்டை, படம், அச்சு எதிலும் வித்தியாசம் கிடையாது, தொண்ணூற்றொன்பதும் ஒன்றுதான். டி.என். 68-ல் 0007 எண் வாங்குகிற மாதிரிதான் இது. வண்டி அதேதான், எண்ணுக்கு ஆசைப்படுகிறவர் இருக்கிறவரை மதிப்பு உண்டு. தோனிக்கு இந்திய அணியிலும் சென்னையிலும் ஜெர்சி எண் 7 என்பதால் ஆசைப்பட ஆள் இருக்கிறார்கள். அதிகம் பிரபலமில்லாத ஆட்டக்காரர் என்றால் ஜெர்சி எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட கூட்டித் தர மாட்டேன்.

01/99, 99/99 இரண்டுக்கும் தனி கிராக்கி உண்டு. 01/99-ஐ 1/1 என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1/1 என்றால் உலகத்திலேயே ஒரே கார்டு.

விற்பவர் கேட்கும் விலையை விடுங்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டி, இதே கார்டின் சாதாரண எண்கள் எவ்வளவுக்குப் போயின என்று பாருங்கள். அப்புறம், கார்டை வெளிச்சத்தில் சாய்த்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். எண்ணின் மினுமினுப்பு சீராக இருக்க வேண்டும். இலக்கத்தைச் சுற்றிச் சுரண்டல் தெரிந்தால் வேண்டாம். மூலை நைந்த 07-ஐவிட மூலை கூர்மையான 43 மேல். தரச்சான்றுக்கு அனுப்பினாலும் கார்டின் நிலைக்குத்தான் மதிப்பெண், எண்ணுக்கு இல்லை.

ஆறாயிரத்துக்கு இறங்கினால் தாராளமாக வாங்குங்கள்.