கவிழ்த்துப் பாருங்கள்: பழைய சீன, ஜப்பான் பீங்கான் பற்றிக் கேள்வி பதில்

நிறையப் பேர் படம் அனுப்பியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் பாதிப் படங்களில் பூவும் டிராகனும்தான் இருக்கின்றன, அடிப்பக்கத்தைக் காணோம். பாத்திரத்தைக் கவிழ்த்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வயதைச் சொல்வதற்கு எனக்கு அதுதான் அதிகம் உதவும்.

என் நீல வெள்ளை ஜாடியின் அடியில் ஆறு சீன எழுத்துகள் இருக்கின்றன. 'மிங் வம்சம், செங்ஹுவா காலம்' என்று நண்பர் படித்துச் சொன்னார். அப்படியென்றால் 500 வருஷம் பழையதா?

நண்பர் சரியாகவே படித்திருப்பார். ஆனால் அதை வைத்து வயதை முடிவு செய்ய முடியாது. செங்ஹுவா பேரரசர் ஆண்டது 1465 முதல் 1487 வரை. அந்தக் காலப் பீங்கான் மேல் பின்னால் வந்தவர்களுக்கு அபார மரியாதை. அதனால் பல நூற்றாண்டுகளுக்கு அவர் பெயரை எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஜப்பானியச் சூளைகளிலும் எழுதினார்கள்.

1677-ல் இன்னொன்றும் நடந்தது. அப்போது ஆண்ட காங்ஷி பேரரசரின் பெயரைப் பாத்திரங்களில் எழுதக்கூடாது என்று, சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்தேஜென்னின் அதிகாரி தடை போட்டார். பாத்திரம் உடைந்தால் பேரரசரின் பெயரும் குப்பைக்குப் போகுமே என்ற கவலை. அதனால் சூளைக்காரர்கள் பழைய மிங் பெயர்களை எழுதினார்கள், இலை வரைந்தார்கள், அல்லது வெறும் இரட்டை வட்டத்தோடு விட்டார்கள். உங்கள் ஜாடி அப்படிப்பட்டதாக இருந்தால் அது மோசடிச் சரக்கு இல்லை, 300 வருஷத்துக்கு மேற்பட்ட நல்ல காங்ஷி காலப் பொருள். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் காங்ஷி பெயரையே போட்டு ஏராளமாகச் செய்தார்கள். ஆகவே அடியில் எழுதிய இந்த முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள்.

அப்போ முதலில் எதைப் பார்ப்பது?

அடிவளையத்தை. மேஜையில் உட்காரும் அந்த விளிம்பில் பெரும்பாலும் பளபளப்புப் பூச்சு இருக்காது, மண் வெளியே தெரியும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். நல்ல பழைய ஜிங்தேஜென் மண் நெருக்கமாக, வெண்மையாக இருக்கும். பூச்சு முடிந்து மண் தொடங்கும் இடத்தில் பல பாத்திரங்களில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு ஓடும். மண்ணிலுள்ள இரும்பு சூளையில் நிறம் மாறியதால் வருவது அது. போலி செய்பவர்கள் இதைப் பழுப்புச் சாயத்தால் வரைவார்கள். அது கோடாக நிற்காமல் திட்டுத்திட்டாக, பூச்சின் மேலும் படிந்திருக்கும்.

அப்புறம் கீறல்கள். பல தலைமுறை புழங்கிய தட்டில் அவை எல்லாத் திசையிலும் ஓடும், ஆழமும் வேறுபடும். கை படும் இடத்திலும் உணவு படும் இடத்திலும் அதிகம் இருக்கும். உப்புத்தாள் தேய்த்ததில் எல்லாம் ஒரே பக்கமாகப் போகும். பளபளப்பைக் குறைக்க அமிலத்தில் தோய்த்தால், யார் கையும் எட்டாத குடுவைக் கழுத்தின் உட்புறம்கூட ஒரே சீராக மங்கியிருக்கும். அதைக் கண்டால் கீழே வைத்துவிடுங்கள்.

கோழி வரைந்த சிறு கிண்ணம், செங்ஹுவா முத்திரை, பக்கத்தில் இளஞ்சிவப்புப் பூ. விற்பவர் பெரிய விலை சொல்கிறார்.

வாங்காதீர்கள். 2014-ல் ஹாங்காங்கில் சாதபீஸ் ஏலத்தில் ஒரு செங்ஹுவா கோழிக் கிண்ணம் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனது. அதற்கு முன்பும் பின்பும் இந்த அளவுக்கு அதிகமாக நகல் செய்யப்பட்ட கிண்ணங்கள் வேறு குறைவு. உங்களுடையதில் அந்த இளஞ்சிவப்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது. தங்கத்தைக் கொண்டு செய்யும் அந்த நிறம் சீனப் பீங்கானுக்கு வந்தது 1720-ஐ ஒட்டித்தான். செங்ஹுவா இறந்து 200 வருஷத்துக்கு மேல் ஆன பிறகு!

சீனமா ஜப்பானா என்று எப்படிப் பிரிப்பது?

பெரிய தட்டு என்றால் அடியின் நடுவில் மூன்று நான்கு சிறு தழும்புகள் இருக்கின்றனவா பாருங்கள். ஜப்பானில், கியூஷு தீவின் பீங்கான் ஊரான அரிதாவில் தட்டின் நடுப்பகுதி சூளையில் தொய்யாமல் இருக்க மண் முளைகளால் முட்டுக்கொடுத்தார்கள். சுட்ட பிறகு தட்டி எடுத்த தடம் அது. ஜிங்தேஜென் தட்டுகளில் பொதுவாக இது இருக்காது. நீலம், சிவப்பு, தங்கம் மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த மூன்று நிறமும் சேர்ந்த ஜப்பானிய இமாரி பாணியைச் சீனர்களும் செய்து ஏற்றுமதி செய்தார்கள்.

அடியில் ஆங்கிலத்தில் 'நிப்பான்' என்று இருக்கிறது.

ஜப்பானியர்கள் தங்கள் நாட்டைச் சொல்லும் பெயர் அது. அமெரிக்காவுக்குப் போன சரக்கு. 1891 முதல் அங்கே நாட்டின் பெயர் கட்டாயமானது. 1921-க்குப் பிறகு 'ஜப்பான்' என்று எழுதச் சொன்னார்கள். எனவே பெரும்பாலும் இந்த இடைப்பட்ட 30 வருஷம். ஆனால் 'நிப்பான்' முத்திரைக்கும் போலி உண்டு. எழுத்து இல்லாவிட்டால் 1891-க்கு முந்தையது என்றும் சொல்ல முடியாது.

ஆய்வகச் சான்றிதழ் இருந்தால் நம்பலாமா?

வெப்ப ஒளிர்வுச் சோதனை நல்ல சோதனைதான். கடைசியாக எப்போது சுட்டது என்று சொல்லும். ஆனால் சோதனைக்கு மண் எடுக்கத் துளையிட்ட இடத்துக்கு மட்டுமே அது சாட்சி. உடைந்த பழைய பாத்திரத்தின் அடியைப் புது உடம்பில் பொருத்தி விற்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே டார்ச் அடித்து, அடியும் சுவரும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். புற ஊதா விளக்கில் ஒட்டுப்பூச்சு பெரும்பாலும் வேறு நிறமாகத் தெரியும்.

வாங்கியதும் கழுவலாமா?

வெதுவெதுப்பான நீரில், மெல்லிய துணியால், ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். தங்கப் பூச்சும் மேல் வண்ணமும் தேய்த்தால் போய்விடும். பிளீச் வேண்டாம், பாத்திரம் கழுவும் இயந்திரம் வேண்டவே வேண்டாம். அடிவளையத்தை மட்டும் இப்போதைக்குத் தொடாமல், முதலில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.