கேமரா கடைக்காரருக்கு எவ்வளவு நிற்கும்?

கேள்வி: கல்யாண போட்டோகிராபி தொடங்கப்போகிறேன். நான் பார்த்து வைத்த மிரர்லெஸ் கேமராவின் பெட்டியில் எம்.ஆர்.பி. 1,12,000 ரூபாய் என்று இருக்கிறது. கடையில் ஒரு லட்சம் சொல்கிறார்கள். இன்னும் பத்தாயிரம் குறைக்கச் சொன்னால் கடைக்காரர் சிரிக்கிறார். உண்மையில் அவருக்கு எவ்வளவுதான் லாபம்?

பதில்: அந்தச் சிரிப்பில் கொஞ்சம் நடிப்பு இருக்கலாம். ஆனால் பத்தாயிரம் குறைத்தால் அவர் கைக்காசு போட்டுத்தான் உங்களுக்கு விற்க வேண்டியிருக்கும்.

எம்.ஆர்.பி.யை முதலில் மறந்துவிடுங்கள். அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதற்காகச் சட்டப்படி அச்சிடும் எண் அது, அவ்வளவுதான். கடைக்காரர் என்ன விலைக்கு வாங்கினார் என்பது அதில் தெரியாது. கேமரா வியாபாரத்தில் வாயில் புழங்குவது எம்.ஓ.பி., அதாவது இந்த விலையில் விற்கலாம் என்று கம்பெனி டீலர்களுக்குச் சொல்லும் விலை. உங்களிடம் சொன்ன ஒரு லட்சம் பெரும்பாலும் அதுதான்.

அந்த ஒரு லட்சத்துக்குள் 18% ஜி.எஸ்.டி. இருக்கிறது (2018 முடியும் வரை 28% இருந்தது). பலர் நேராக 18,000 கழிக்கிறார்கள், அது தப்பு. 1.18-ஆல் வகுக்க வேண்டும். பொருளின் விலை 84,746, வரி 15,254. கேமரா பாடியில் (லென்ஸ் இல்லாத கேமராவில்) டீலருக்கு நிற்பது பொதுவாக ஒற்றை இலக்கச் சதவீதம்தான். வரி நீக்கிய அந்த 84,746-ல் 6% என்று வைத்துக்கொள்வோம், 5,085 ரூபாய். நீங்கள் கிரெடிட் கார்டை நீட்டினால் வங்கி ஏறக்குறைய 2% எடுக்கும். அதுவும் வரி சேர்ந்த முழுத் தொகைக்கும். இரண்டாயிரம் அங்கே போச்சு. மீதி மூவாயிரத்துச் சொச்சத்தில்தான் வாடகை, சம்பளம், கரண்ட் பில், விற்காமல் மூன்று மாதம் அலமாரியில் கிடந்த பெட்டிக்கான வட்டி எல்லாம். யு.பி.ஐ.யில் கட்டுகிறேன் என்றால் அந்த இரண்டாயிரம் கடையிலேயே நிற்கும். அதில் பாதியாவது கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை.

அப்புறம் ஏன் சில கடைகளில் மட்டும் திடீரென்று ஐந்தாயிரம் குறைகிறது? டீலரின் வருமானம் பில்லோடு முடிவதில்லை. கம்பெனி வைத்த விற்பனை டார்கெட்டை எட்டினால் பின்னால் கம்பெனியிடமிருந்து கிரெடிட் நோட் (டீலர் கணக்கில் வரவு வைக்கும் தொகை) வரும். டார்கெட்டுக்கு மூன்று பெட்டி குறைகிற கடை, பில்லில் இருக்கும் லாபத்தை அப்படியே விட்டுக்கொடுத்துக்கூட விற்றுவிடும். அதனால் மாதக் கடைசியில், முடிந்தால் காலாண்டுக் கடைசியில் போங்கள். ஐந்தாம் தேதி போனால் அதே ஆள் அசைய மாட்டார். புது மாடல் அறிவிப்பு வந்தபின் பழைய மாடலைக் கேட்டாலும் விலை இறங்கும்.

கடை உண்மையில் ஓடுவது கேமராவால் அல்ல, பை, யு.வி. ஃபில்டர், ஸ்கிரீன் கார்டு, டிரைபாட், வேறு கம்பெனி பேட்டரி, இவற்றால். 400 ரூபாய்க்கு வந்த பை 900-க்குப் போவது சாதாரணம். (கடைக்காரர் இதை வாங்கிய விலைமேல் 125% என்பார், ஆடிட்டர் விற்ற விலைமேல் 56% என்பார். இரண்டும் ஒரே ஐந்நூறுதான். யாராவது சதவீதம் சொன்னால் எதன்மேல் என்று கேளுங்கள்.) ஆகவே ஒரு லட்சத்தில் மூவாயிரம் குறைக்கச் சொல்லாதீர்கள், மூவாயிரம் பெறும் சாமானைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். அவருக்கு அடக்க விலை அதில் பாதிகூட இருக்காது, உங்களுக்கோ எப்படியும் வாங்க வேண்டிய பொருள். நல்ல பிராண்டு மெமரி கார்டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் லாபம் மெல்லிசு. அதைத் தாராளமாக இலவசமாகத் தருகிறார் என்றால் ஒரிஜினலா என்று பாருங்கள்.

"பில் வேண்டாம்னா எட்டாயிரம் குறைச்சுக்கலாம்" என்று ஒரு குரல் வரும். வேண்டாம். பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்டு சர்வீஸ் சென்டரில் நிற்க முடியாது. தொழிலுக்கு வாங்குகிற உங்களுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்து உங்கள் எண்ணைப் போட்டு பில் வாங்கினால், அந்த 15,254 ரூபாயை நீங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பேரம் பேசி எந்தக் கடையிலும் இவ்வளவு கிடைக்காது. ஆனால் இதற்காகவே பதிவு எடுக்க ஓடாதீர்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை தமிழ்நாட்டில் பொதுவாகக் கட்டாயமில்லை. பதிவு எடுத்துவிட்டால் கல்யாண வீட்டுக்காரரிடமும் 18% சேர்த்துக் கேட்க வேண்டும், அவர் பக்கத்துத் தெரு போட்டோகிராபரிடம் போய்விடுவார். கம்பெனி நிகழ்ச்சிகள் நிறைய எடுப்பவருக்குத்தான் அது லாபம்.

பட்ஜெட் இடித்தால் செகண்ட் ஹேண்டும் பாருங்கள். கடைக்காரருக்கு அதில்தான் நல்ல லாபம், பேரத்துக்கும் இடம் உண்டு. 60,000-க்கு வாங்கி 75,000 சொல்லும் பொருளில் அவர் 68,000 வரை இறங்கி வரலாம். ஷட்டர் எண்ணிக்கையையும் (இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற கணக்கு) பாடியின் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.