வாசகர் கேள்வி – பதில்: வீட்டிற்கு வரும் பராமரிப்புச் சேவையை எப்படி எடைபோடுவது?

கேள்வி: திருவிடைமருதூர் அருகே உள்ள எங்கள் கிராமத்தில் என் பெற்றோர் இருவரும் தனியாக வசிக்கிறார்கள். 78 வயதான அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துவிட்டது. மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு கொடுக்கிறோம். சிறுநீருக்கும் குழாய் போடப்பட்டுள்ளது. அப்பாவுக்கு 82 வயது. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். கும்பகோணத்தில் ஒன்றும் திருச்சியில் ஒன்றுமாக இரண்டு ஹோம் கேர் ஏஜென்சிகளிடம் பேசினோம். இருவருமே பயிற்சி பெற்ற நர்ஸை அனுப்புவதாகச் சொல்கிறார்கள். கட்டணத்தில்தான் பெரிய வித்தியாசம். யாரை நம்புவது? ஆள் வந்த பிறகு எதைக் கவனிப்பது?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: சகோதரி, கட்டணத்தை ஒப்பிடுவதற்கு முன்னால், அம்மாவுக்குத் தேவைப்படும் வேலைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குழாய்களை மாற்றுவது, புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுவது, ஊசி போடுவது ஆகியவை செவிலியரின் வேலை. குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது, டயப்பர் மாற்றுவது, ஏற்கெனவே போட்டிருக்கும் குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பது ஆகியவற்றை நன்றாகப் பழகிய அட்டெண்டர் செய்யலாம். உங்கள் வீட்டில் நாள் முழுவதும் இருக்க வேண்டியவர் அட்டெண்டர். குறிப்பிட்ட இடைவெளியில் வந்துபோக வேண்டியவர் செவிலியர். வெள்ளைக் கோட்டு அணிந்த எல்லோரையும் நர்ஸ் என்றே அழைப்பது நம் ஊர் வழக்கமாக இருப்பதால், சில மாதப் பயிற்சி மட்டுமே பெற்றவரை அந்தப் பெயரில் அனுப்பி, அதற்குரிய கட்டணத்தையும் வாங்கிவிடுபவர்கள் உண்டு. ஜி.என்.எம். எனப்படும் நர்சிங் டிப்ளமோ 3 ஆண்டுப் படிப்பு, பி.எஸ்ஸி. நர்சிங் 4 ஆண்டுப் படிப்பு. முடித்தவர்கள் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து எண் பெற்றிருப்பார்கள். நர்ஸ் என்று சொல்லி அனுப்பப்படுபவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணைத் தரத் தயங்கினால், வருபவர் அட்டெண்டர் என்றே வைத்துக்கொண்டு, அட்டெண்டருக்கான கட்டணத்தைப் பேசுங்கள்.

ஏஜென்சியை எடைபோடும்போது, நாம் கேட்பவற்றுக்கு அவர்கள் சொல்லும் பதிலைவிட, அவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகளையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். அம்மாவின் எடை என்ன, எங்காவது புண் இருக்கிறதா, குழாய் எந்தத் தேதியில் போட்டது, இரவில் தூங்குகிறாரா, கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கிறதா, தூக்கி உட்காரவைக்க வீட்டில் இன்னொருவர் உண்டா என்றெல்லாம் விசாரித்து, முடிந்தால் ஒருவரை நேரில் அனுப்பிப் பார்த்துவிட்டுக் கட்டணம் சொல்பவர்கள், வேலையை அறிந்தவர்கள். போனிலேயே மாதத் தொகையையும் அட்வான்ஸையும் சொல்லி, 'நாளைக் காலை ஆள் வந்துவிடும்' என்பவர்கள் ஆள் அனுப்பும் தரகர்கள் மட்டுமே. ஜி.எஸ்.டி. எண்ணும் நிறுவனப் பதிவும் வியாபாரம் நடத்துவதற்கு உரியவை. பராமரிப்பின் தரத்தைப் பற்றி அவை எதையும் சொல்வதில்லை.

அடுத்ததாக, அனுப்பிய ஆளை யார் மேற்பார்வை பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வீட்டிற்கு வந்து அம்மாவின் உடலைப் பார்ப்பார், அட்டெண்டர் விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார், நள்ளிரவில் மூச்சுத் திணறினால் யாரை அழைக்க வேண்டும் என்பவற்றுக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள். திருச்சி ஏஜென்சி எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும், அதன் மேற்பார்வையாளர் உங்கள் கிராமத்துக்கு வந்துபோகப் போவதில்லை என்றால், அந்தப் பெயரால் அம்மாவுக்கு எந்தப் பயனும் இல்லை. வருபவரின் அடையாள அட்டை நகலையும், காவல்துறைச் சரிபார்ப்பு நடந்ததற்கான ஆவணத்தையும் கேட்டு வாங்குங்கள். வீட்டு வேலைக்கு வருபவர்களைச் சரிபார்க்கும் வசதியைத் தமிழ்நாடு காவல்துறை இணையத்திலேயே வைத்திருக்கிறது.

முதல் இரண்டு மூன்று நாட்கள் நீங்கள் கட்டாயம் உடன் இருங்கள். அம்மாவைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாரா என்று பாருங்கள். உணவு கொடுப்பதற்கு முன், மூக்கருகே குழாயில் உள்ள அடையாளக் கோடு இடம் மாறியிருக்கிறதா என்று அவர் கவனிக்க வேண்டும். தலைப்பகுதியை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்திக் கொடுத்து, முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். சிறுநீர்ப் பை இடுப்பு மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. இன்னொன்றை அப்பாவிடமும், பார்க்க வரும் உறவினர்களிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: மருத்துவர் அனுமதிக்கும்வரை, ஆசைப்படுகிறாரே என்று ஒரு வாய் காபிகூட வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது. விழுங்கும் திறன் குறைந்தவருக்கு அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும். இத்தகைய அன்பைப் பணிவாகத் தடுக்கத் தெரிந்த அட்டெண்டர் கிடைத்தால், அவரை விட்டுவிடாதீர்கள்.

அதன் பிறகு, பராமரிப்பு எப்படி நடக்கிறது என்பதை அம்மாவின் உடலே காட்டிவிடும். படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். முதுகின் அடியெலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் வெளுக்காத சிவப்பு படுக்கைப்புண்ணின் முதல் கட்டம். கருத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது என்பதால், சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். வாயைத் திறந்து நாக்கில் வெண்படலம் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; அவசரக்காரர்கள் முதலில் விட்டுவிடும் வேலை வாய் சுத்தம்தான். வீடியோ அழைப்பில் போர்வைக்கு மேலே உள்ள முகம் மட்டுமே தெரியும். ஆகவே நீங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் நேரில் பாருங்கள். இடையில் ஒரு பெண் உறவினரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, திருப்பிய நேரம், கொடுத்த உணவின் அளவு, சிறுநீரின் அளவு, மருந்து, ரத்த அழுத்தம் ஆகியவற்றை அவ்வப்போது எழுதச் சொல்லுங்கள். தினமும் 120/80 என்றே இருந்தாலோ, ஒரு வாரத்துக் குறிப்பு முழுவதும் ஒரே மூச்சில் எழுதியதுபோல் தெரிந்தாலோ, அளக்காமல் எழுதுகிறார்கள் என்று பொருள்.

டெல்டாவில் இருப்பவர்கள் மழைக்காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களின் பல கிராமங்கள் நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை நாம் மறந்துவிடவில்லை. மின்சாரம் நின்றால், பம்பால் காற்றடைத்துப் படுக்கைப்புண்ணைத் தடுக்கும் ஏர் பெட் தொடர்ந்து வேலை செய்யாது. அந்த நேரத்தில் திருப்பிப் படுக்கவைப்பது இன்னும் அவசியமாகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சாலை துண்டிக்கப்பட்டால் மாற்று ஆள் எப்படி வருவார் என்று இரண்டு ஏஜென்சிகளிடமும் கேட்டுப் பாருங்கள். உள்ளூர் ஏஜென்சியின் மதிப்பு அப்போது தெரியும்.

குறைந்த கட்டணத்துக்கு '24 மணி நேர டூட்டி' என்று ஒரே பெண்ணை அனுப்பினால் யோசியுங்கள். இரவிலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து திருப்பி, பகலிலும் அதே வேலையைச் செய்ய எந்த உடலாலும் முடியாது. தூக்கமில்லாதவர் கையில் அம்மா பாதுகாப்பாக இருக்க மாட்டார். இரவுக்கு இன்னொருவரை வைக்க வசதி இல்லையென்றால், பகலில் அவர் தொடர்ந்து சில மணி நேரம் தூங்குவதற்கு இடமும் நேரமும் ஒதுக்கிக் கொடுங்கள்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டிற்கே வந்து இலவசமாக வழங்கப்படுகின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள். சிகிச்சையோடு, ஏஜென்சியைச் சாராத ஒரு செவிலியரின் பார்வையும் அம்மாவின் உடல்மீது படும் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: மறதி நோய் உள்ள என் தந்தையின் கையில் கன்றிய தடங்களைப் பார்த்தேன். கீழே விழுந்தார் என்கிறார் பராமரிப்பவர்; ஏஜென்சி பிடிகொடுக்காமல் பேசுகிறது. அறையில் கேமரா வைக்கலாமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில் தந்தையின் மருந்துச் சீட்டைப் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்குச் லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றும். விழுந்தவருக்குப் பெரும்பாலும் முழங்கை, முழங்கால், நெற்றி போன்ற இடங்களில் அடிபடும். மேற்கையின் உட்பக்கத்தில் விரல் பதிந்ததுபோன்ற தடமோ, இரண்டு மணிக்கட்டுகளிலும் ஒரேமாதிரித் தடமோ இருந்தால், அல்லது அந்த நபர் அருகே வரும்போது தந்தை ஒடுங்கினால், சந்தேகத்துக்கு இடமுண்டு. தேதியுடன் புகைப்படம் எடுத்து, மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்வதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். உண்மை தெரியும்வரை ஆளை மாற்றிவிடுங்கள். அதற்கு யாரையும் குற்றவாளி என்று சொல்ல வேண்டியதில்லை.

கேமராவைப் பராமரிப்பவருக்குத் தெரிவித்துவிட்டுக் கூடத்தில் வைக்கலாம். குளிப்பாட்டும், உடை மாற்றும் இடத்தில் கூடாது. மறதி வந்துவிட்டாலும் தந்தைக்கு மானம் உண்டு. முதியோர் உதவி எண் 14567-இல் காலை 8 முதல் இரவு 8 மணி வரை ஆலோசனை பெறலாம்; துன்புறுத்தல் உறுதியானால் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். ஏஜென்சியின் சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகச் செலுத்தி, ரசீது வாங்கி வைத்திருந்தால்தான் அங்கே பேச முடியும்.

கேள்வி: நான் அட்டெண்டராக வேலை செய்கிறேன். சர்க்கரை நோயுள்ள பாட்டிக்கு இன்சுலின் ஊசியையும் நீயே போட்டுவிடு என்கிறார்கள். மறுக்கலாமா?
– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: கற்றுத்தரப்படாத வேலையைத் தாராளமாக மறுக்கலாம் அம்மா. செவிலியரோ மருத்துவரோ நேரில் கற்றுத்தந்து, அளவை எழுதிக் கொடுத்து, குடும்பத்தாரும் ஏஜென்சியும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே செய்யுங்கள். அப்போதும் சர்க்கரையை அளந்து பார்க்காமல் போடாதீர்கள். பாட்டி சாப்பிட மறுத்தால், மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். ரத்தச் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கி, பாட்டி நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள். வீட்டாரிடம் அனுமதி கேட்பதற்காகக் காத்திருக்க வேண்டாம்.