எலிகளில் கோல்கா2 மரபணு என்ன வேலை செய்கிறது?

கேட்டவர், எலியின் மரபணுப் பட்டியலில் கோல்கா2 என்ற பெயருக்கு நேரே "கோல்கை உறுப்பு சார்ந்த புரதத்தை உருவாக்கும் மரபணு" என்று ஒரே வரிதான் இருக்கிறது, அது உண்மையில் என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறார். (கோல்கை என்பது செல்லுக்குள் புதுப் புரதங்களைப் பதப்படுத்தி அனுப்பும், அடுக்கடுக்கான உறுப்பு.) எலியின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்க்கும் என்ஆர்கே செல்களோடு சில வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். இந்தப் புரதத்தை அங்கே தினமும் பார்ப்பேன். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோல்கா2 உருவாக்கும் புரதத்தை ஆய்வகத்தில் யாரும் அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. ஜிஎம்130 என்போம். கோல்கைச் சட்டகத்தைச் சேர்ந்தது, எடை சுமார் 130 கிலோடால்டன் (புரதங்களின் எடையைச் சொல்லும் அலகு), அதனால் அந்தப் பெயர். எலியின் ஈரலிலிருந்து கோல்கையைப் பிரித்து, சவ்வைக் கரைக்கும் சோப்பு போன்ற திரவத்தில் போட்டால் பெரும்பாலானவை கரைந்துவிடும், ஒரு சட்டகம் மட்டும் கரையாமல் நிற்கும். 1995-இல் கிரகாம் வாரன் என்ற செல் உயிரியலாளரின் குழு இந்தப் புரதத்தை அந்தச் சட்டகத்தில்தான் அடையாளம் கண்டது. ஆக, இதன் கதை தொடங்கியதே எலியில்தான்.

சரி, வேலை என்ன? துறையில் நின்றுகொண்டு, வரும் தோணியை நோக்கி வடம் வீசுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஜிஎம்130 நீளமான கயிறு மாதிரியான புரதம், இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கும். அதன் வால் முனையை கிராஸ்ப்65 என்ற இன்னொரு புரதம் கோல்கையின் முதல் அடுக்கில் பிடித்து வைத்திருக்கிறது. தலை முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். செல்லில் புரதங்கள் உருவாகும் இடமான எண்டோபிளாச வலையிலிருந்து புதுப் புரதங்களைச் சுமந்து வரும் நுண்பைகள் பக்கத்தில் வந்தால், பி115 என்ற புரதத்தின் உதவியோடு இந்தத் தலை அவற்றைப் பிடித்து நிறுத்தும். பிடித்த பிறகுதான் பை அடுக்கோடு இணையும்.

இது வெறும் ஊகம் இல்லை. 2014-இல் கேம்பிரிட்ஜில் ஒரு அருமையான சோதனை செய்தார்கள். மனித செல்லில் இந்த வகைக் கயிறுகளைக் கோல்கைக்குப் பதிலாக, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் கொண்டுபோய்க் கட்டினார்கள். ஜிஎம்130-ஐ அங்கே கட்டியதும், கோல்கைக்குப் போக வேண்டிய நுண்பைகள் மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றி வந்து சேர்ந்தன! எந்தப் பையைப் பிடிக்க வேண்டும் என்ற விவரம் அந்தக் கயிற்றிலேயே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அந்தப் பிடி எப்படி விடுகிறது என்பதுதான். செல் இரண்டாகப் பிரியும்போது கோல்கையும் இரண்டு மகள் செல்களுக்கும் பங்காகப் போக வேண்டும். அதற்கு முன்னால் அது துண்டு துண்டாக உடைகிறது. அந்த நேரத்தில் சிடிகே1 என்ற நொதி, ஜிஎம்130-இன் 25-ஆவது இடத்தில் இருக்கும் செரைன் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அவ்வளவுதான், பி115 அதன் பிறகு அதோடு சேராது. வரும் பைகளுக்கு அங்கே கட்டு கிடைக்காது. பிரிவு முடிந்ததும் பாஸ்பேட் நீங்கி, கோல்கை மறுபடி அடுக்காகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், சும்மா இருக்கும் செல்லில் கருவை ஒட்டிப் பச்சை நிறத்தில் நெளிந்த நாடா போல ஜிஎம்130 தெரியும். பக்கத்தில் ஒரு செல் பிரிந்துகொண்டிருந்தால், அதில் நாடா இருக்காது, பனி மூட்டம் போல மங்கலாகப் பரவி, நடுநடுவே புள்ளிகளாக இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

பிரெஃபெல்டின் ஏ என்ற மருந்தைக் கொடுத்தால் கோல்கையின் நொதிகள் எண்டோபிளாச வலைக்குத் திரும்பிப் போய்விடும். ஜிஎம்130 போகாது, சிறு சிறு துண்டுகளாக வெளியிலேயே நிற்கும். இதையும் என்ஆர்கே செல்லில்தான் காட்டினார்கள்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கான விவரம் சுண்டெலியிலிருந்து வருகிறது. (தமிழில் எல்லாவற்றையும் எலி என்றே எழுதிவிடுகிறோம், ஆனால் ஈரல் ஆய்வு நடந்த எலி வேறு, சுண்டெலி வேறு இனம். படிக்கும்போது இதைக் கவனியுங்கள்.) நரம்பு செல்களில் இந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்குச் சிறுமூளையின் பர்கின்ஜி செல்கள் சிதைந்து நடை தள்ளாடியது. விந்தணு உருவாகும் செல்களில் நீக்கியபோது, விந்தணுவின் தலையில் தொப்பி போல இருக்கும் அக்ரோசோம் உருவாகவில்லை. அக்ரோசோமே கோல்கையிலிருந்து வரும் பைகள் சேர்ந்து ஆவது என்பதால் இது பொருந்துகிறது. இத்தனைக்கும், கமில்லோ கோல்கி 1898-இல் இந்த உறுப்பை முதலில் பார்த்ததும் பர்கின்ஜி செல்லில்தான், ஒரு ஆந்தையின் சிறுமூளையில்.

அப்புறம், மேற்கொண்டு தேடுவதாக இருந்தால் கோல்கா2 என்பதோடு நிறுத்தாமல் ஜிஎம்130 என்றும் தேடுங்கள். கோல்கையைக் காட்டும் அடையாளமாகவே உலகம் முழுக்க இதைப் பயன்படுத்துவதால் படங்கள் நிறைய கிடைக்கும். அதில் பிரிந்துகொண்டிருக்கும் செல் ஒன்றாவது இருக்கிற படமாகப் பார்த்து எடுங்கள்.