கிட்னி மாற்றியவருக்கு ஏன் சைட்டோகைன் அளவைப் பார்ப்பதில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: அண்ணனுக்குச் சிறுநீரகம் மாற்றி நான்கு மாதம் ஆகிறது. அவர் போடும் மாத்திரைகள் சைட்டோகைன் என்ற புரதங்களைத்தான் அடக்குகின்றன என்று படித்திருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்தப் புரதத்தையே ரத்தத்தில் அளந்து பார்க்காமல், ஒவ்வொரு தடவையும் ‘டாக்ரோ லெவல்’, அதாவது டாக்ரோலிமஸ் என்ற மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே இருப்பது ஏன்?

நான் டாக்டர் இல்லை. அக்கா கொடுத்த கிட்னியோடு ஒன்பதாவது வருடத்தில் இருப்பவன், அவ்வளவுதான். இதையே ஒருமுறை எங்கள் டாக்டரிடம் கேட்டேன். "காதும் காதும் வைத்தாற்போல் நடக்கிற பேச்சு அது. தெருமுனையில் நின்றுகொண்டு கேட்டால் என்ன காதில் விழும்?" என்றார். அது புரிய எனக்கு வெகுநாள் ஆனது.

சைட்டோகைன் என்பது ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சேதி. புதுக் கிட்னி அந்நியப் பொருள் என்று ஒரு டி செல் (உடலைக் காவல் காக்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை) கண்டுகொண்டதும் அதன் உள்ளே கால்சியம் ஏறுகிறது. அதில் கால்சினியூரின் என்ற நொதி விழித்துக்கொள்கிறது. அது என்ஃபேட் என்ற புரதத்திலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றிவிட, அந்தப் புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய் இன்டர்லூக்கின்-2 என்ற சைட்டோகைனுக்கான மரபணுவை முடுக்கிவிடுகிறது. வெளியே வரும் இன்டர்லூக்கின்-2 அதே செல்லின் மேலும் பக்கத்துச் செல்களின் மேலும் ஒட்டி ‘பெருகு’ என்கிறது. பெருகினால் கிட்னிக்கு ஆபத்து.

டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டும் கால்சினியூரினிலேயே கையை வைத்துவிடுகின்றன. சேதி எழுதப்படுவதே இல்லை. ஆபரேஷன் அன்றும் நான்காம் நாளும் பலருக்கு பசிலிக்ஸிமாப் என்று ஒரு மருந்தை ஏற்றுவார்கள். அது இன்டர்லூக்கின்-2 வந்து ஒட்டும் இடத்தை அடைத்துவிடும். சிரோலிமஸ், சேதி வந்து சேர்ந்த பிறகு செல் அதன்படி நடக்காமல் தடுக்கிறது. மைக்கோஃபினோலேட் வழி வேறு. செல் பெருகுவதற்குத் தேவையான மூலப்பொருள் கிடைக்காமல் செய்வது அதன் வேலை. ஸ்டீராய்டு ஒன்றுதான் ஒட்டுமொத்தமாக எல்லார் வாயையும் பொத்துகிறது.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை உண்டு. சைக்ளோஸ்போரின் நார்வே மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்தது. டாக்ரோலிமஸ் 1984இல் ஜப்பானின் ட்சுகுபா பகுதி மண்ணில் இருந்த பாக்டீரியாவிலிருந்து. சிரோலிமஸுக்கு ஈஸ்டர் தீவு மண். மூன்றுமே மண் தந்தவை. ஆனால் டிஸ்சார்ஜ் ஆகும்போது நமக்குச் சொல்கிற முதல் புத்திமதிகளில் ஒன்று, தொற்று வந்துவிடும், கையுறை இல்லாமல் மண்ணில் கை வைக்காதே!

சரி, ஏன் அளப்பதில்லை? இன்டர்லூக்கின்-2 சுரந்த இடத்திலேயே பெரும்பாலும் செலவாகிவிடும். ரத்தத்துக்குத் தப்பி வருவது கொஞ்சம், அதுவும் சில நிமிடங்களில் கரைந்துவிடும். இன்டர்லூக்கின்-6ஐ அளக்கலாம், ஆனால் அது எதற்கெடுத்தாலும் ஏறும். சளி பிடித்தாலும் ஏறும், ஆபரேஷன் காயம் ஆறும்போதும் ஏறும். உடல் கிட்னியை நிராகரிப்பதால் ஏறியதா, வேறு எதனாலோ என்று அந்த எண் சொல்லாது. கொஞ்சம் நம்பிக்கை தருவது சிறுநீர்தான். கிட்னிக்குள் கலவரம் நடந்தால் சிஎக்ஸ்சிஎல்-10 என்ற சேதிப் புரதம் சிறுநீரில் கூடுகிறது. அதிலும் சிக்கல், கிட்னியைத் தாக்கும் பிகே வைரஸ் வந்தாலும் அது கூடும். நிராகரிப்பு என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும், வைரஸ் என்றால் குறைக்க வேண்டும். கடைசியில் கிட்னியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான் தீர்ப்புச் சொல்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. காய்ச்சல் என்பதே இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் ஆகிய சைட்டோகைன்கள் மூளைக்குச் சொல்லி வருவது. அவற்றின் வாயைத்தான் ஸ்டீராய்டு பொத்தி வைத்திருக்கிறதே! இரண்டாம் வருடம் எனக்குச் சிறுநீர்த் தொற்று வந்தபோது தெர்மாமீட்டர் 99.4க்கு மேல் ஏறவில்லை. எரிச்சல் இல்லை, குளிர் இல்லை, சாப்பாடு மட்டும் பிடிக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று மூன்று நாள் தள்ளினேன். போய்ப் பார்த்தால் கிரியேட்டினின் (கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 1.2இலிருந்து 1.9 ஆகியிருந்தது. அண்ணன் "என்னமோ சரியில்லை" என்று மட்டும் சொன்னாலும் 100 டிகிரிக்காகக் காத்திருக்காதீர்கள்.

ஆக, சேதியைக் கேட்க வழியில்லாததால், சேதியை அடக்கும் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறார்கள். அந்த அளவும் நம்பும்படி இருக்க வேண்டுமே. முந்தைய வேளை போட்டு 12 மணி நேரம் கழித்து, அடுத்த வேளைக்குச் சற்று முன் எடுத்தால்தான் அது சரியான எண். வயிற்றுப்போக்கு வந்தாலே லெவல் ஏறிவிடும். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசின் இரண்டும் ஏற்றும். டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் படுவேகமாக இறக்கிவிடும். வேறு எந்த டாக்டர் எழுதிக்கொடுத்தாலும் கிட்னி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போடக் கூடாது.

முதல் வருடத்தில் ஒருநாள் பழக்கதோஷத்தில் காலை மாத்திரையை விழுங்கிவிட்டு ரத்தம் கொடுத்தேன். வழக்கமாக 8, 9 என்று வரும் டாக்ரோ லெவல் அன்று 17. டோஸைக் குறைக்கச் சொல்லி எழுதியே விட்டார்கள். போனில் பேசிய நர்ஸம்மா தற்செயலாக, "மாத்திரை போட்டுட்டா வந்தீங்க?" என்று கேட்டதால் தப்பித்தேன். குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அன்றிலிருந்து டெஸ்ட் நாளன்று அந்த வேளைக்கான மாத்திரையை மட்டும் அட்டையோடு கத்தரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே மறு கையால் அதை எடுப்பேன்.