படர்தாமரைக்கு ட்யூப் வாங்கப் போகும் முன்

மழை பிடித்துவிட்டால் தமிழ்நாடு, கேரள எல்லைப் பக்கத்து வாசகர்களிடமிருந்து அரிப்பு, படர்தாமரை பற்றிய கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். காடு நனைகிறது, துணி காய்வதில்லை, மலை ஏறி இறங்கும் வழியெல்லாம் மெடிக்கல் கடைகள். இந்த வாரம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, கம்பத்துலருந்து தினமும் ஜீப்பேறி கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலக்காட்டு வேலைக்குப் போறேன். போன மழைக்கு இடுப்புல, பாவாடை நாடா கட்டுற இடத்துல வட்டமா ஒரு தடிப்பு வந்துச்சு. வர்ற வழியில ஒரு மெடிக்கல்ல காட்டுனேன். "வட்டச்சொறியா" ன்னு சொல்லி ஒரு ட்யூப் கொடுத்தாங்க. ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுச்சு. போடுறதை விட்டா பத்து நாள்ல திரும்ப வந்துருது. இப்படியே எட்டு மாசம், ஆறு ட்யூப். இப்போ தொடை வரைக்கும் இறங்கிருச்சு. தொடை இடுக்குல வரிவரியா கோடு விழுந்திருக்கு. வீட்டுக்காரருக்கும் ஒட்டிக்கிச்சு. எந்தக் கம்பெனி ட்யூப் வாங்குனா ஒரேயடியாப் போகும்?
— தோட்டத் தொழிலாளி, கம்பம்

பதில்: தங்கச்சி, கம்பெனி எதுவாக இருந்தால் என்ன, அதை விடுங்கள். தீர்ந்துபோன ட்யூப் ஒன்றாவது வீட்டில் கிடக்கும். அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், அல்லது பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று இவற்றில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த ட்யூப். உங்கள் கடிதத்தில் உள்ள எல்லா அடையாளமும் அதைத்தான் சொல்கிறது.

படர்தாமரை பூஞ்சையால் வருவது. அரிப்பும் சிவப்பும் அந்தப் பூஞ்சையை வெளியேற்ற உடம்பு காட்டும் எதிர்ப்பு. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்குகிறது. அதனால் இரண்டு நாளில் அரிப்பு நிற்கிறது, மருந்து கேட்கிறது என்று நாமும் நம்புகிறோம். எதிர்ப்பு அடங்கிய தோலில் பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. போடுவதை நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாக வெளியே தெரிகிறது. நாளாக நாளாக வட்டத்தின் ஓரம் கலைந்து, பார்க்கிற டாக்டருக்கே சட்டென்று பிடிபடாத உருவுக்கு மாறிவிடும். தொடை இடுக்கில் விழுந்த கோடுகள் தோல் மெலிந்து உள்ளே கிழிந்த தடம். நிறம் கொஞ்சம் மங்கலாம், முழுக்க மறையாது. இதை எழுதவே எனக்கு மனசு கனக்கிறது. அரிப்பு தாங்காமல் கூலிக் காசைக் கொடுத்து மருந்து வாங்கிய உங்கள் மேல் இதில் ஒரு தப்பும் இல்லை.

இந்த மருந்துகளை இஷ்டத்துக்கு விற்க முடியாது என்று சட்டமே இருக்கிறது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் அவற்றைத் தரக் கூடாது. ட்யூபிலும் அட்டையிலும் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையும் ஆர்எக்ஸ் குறியும் இருக்கும். சட்டம் மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு, கவனியுங்கள். க்ளோட்ரிமசோல் என்பது பூஞ்சையைக் கொல்லும் மருந்து. க்ளோபெட்டசால் என்பது ஸ்டீராய்டு, அதிலும் மிக வீரியமான வகை. இரண்டும் "க்ளோ" என்றே தொடங்கும், இரண்டும் ஒரே ட்யூபில் சேர்ந்தும் வரும். "நாலு மருந்து ஒண்ணாச் சேர்ந்தது, நல்லாக் கேக்கும்" என்று கடையில் சொன்னால் அந்த நாலில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். மருந்தின் எண்ணிக்கை கூடுவதால் குணம் கூடுவதில்லை. ஒரே மருந்து மட்டும் உள்ள ட்யூபைக் கேளுங்கள்: க்ளோட்ரிமசோல் 1 சதவீதம், டெர்பினாஃபின் 1 சதவீதம், லுலிகோனசோல் 1 சதவீதம், கீட்டோகோனசோல் 2 சதவீதம் என்ற மாதிரி. கடையில் காட்டத் தோதாக இந்தப் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இது புதிதாக வந்த, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்டத்துக்கான யோசனை. எட்டு மாதம் ஸ்டீராய்டு பட்ட தோலுக்கு இன்னொரு ட்யூப் வாங்கச் சொல்ல மாட்டேன். தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு, வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு ஒருநாள் கூலியை விட்டாவது போய்வாருங்கள். காலி ட்யூபைக் கையில் கொண்டுபோங்கள். தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள், வலிக்காது. சர்க்கரையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஸ்டீராய்டை நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் அரிப்பும் சிவப்பும் கூடலாம். புது மருந்து கேட்கவில்லை என்று நினைத்துப் பழைய ட்யூபுக்குத் திரும்பிவிடாதீர்கள். பலர் திரும்பவும் மாட்டிக்கொள்வது அந்த இரண்டு வாரத்தில்தான்.

இனி, டாக்டர் கிரீம் எழுதித் தந்தால் அதற்கான அளவுக் கணக்கு. ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். காலை, இரவு என்றால் ஒரு நாளைக்கு 1 கிராம், 4 வாரத்துக்கு 28 கிராம். நாம் வாங்குவதோ 10 கிராம் ட்யூப். பத்தாம் நாள் ட்யூப் தீரும், அரிப்பும் அடங்கியிருக்கும், அதோடு விட்டுவிடுவோம். உங்களுக்கு இருக்கும் அகலத்துக்கு இன்னும் மூன்று மடங்கு வேண்டியிருக்கும். வட்டத்தின் மேல் மட்டும் தடவாமல் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வெளியேயும் தடவ வேண்டும், ஏனென்றால் பூஞ்சை முன்னேறுவது ஓரத்தில்தான். தோல் பழையபடி ஆன பிறகும் இரண்டு வாரமாவது தொடர வேண்டும். இத்தனை ட்யூபுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பெயர் பெற்ற கம்பெனியைத் தேடாமல் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் திறந்த முதல்வர் மருந்தகத்திலோ மருந்துப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கேரளப் பக்கம் காருண்யா மருந்தகம் இருக்கிறது. அதே மருந்து, விலை நன்றாகக் குறையும்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும். துண்டும் போர்வையும் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் கறுப்புக் கயிறு, அரைஞாண் இருந்தால் குணமாகும் வரை கழற்றி வையுங்கள். நனைந்த கயிற்றில் பூஞ்சை தங்கும். பாவாடை நாடாவையும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டாதீர்கள்.

கேள்வி: வண்டிப்பெரியாறுல ஜீப் ஓட்டுறேன். தொடை இடுக்குல படர்தாமரை. பூஞ்சை சோப்பு, பாடி வாஷ், பவுடர் மூணும் சேர்ந்த செட் ஒண்ணு ஆன்லைன்ல வருது. வாங்கலாமா? இப்போதைக்கு குளிக்கிற தண்ணியில ஆன்டிசெப்டிக் ஊத்திக் குளிக்கிறேன்.
— டிரைவர்

பதில்: வேண்டாம், தம்பி. சோப்பு உடம்பில் இருப்பது ஒரு நிமிஷம், பிறகு தண்ணீரோடு போய்விடுகிறது. கீட்டோகோனசோல் சோப்பாகவே இருந்தாலும் அது துணைக்குத்தான் ஆகும், வைத்தியம் ஆகாது. அந்தச் செட்டுக்குக் கொடுக்கும் காசைச் சரியான கிரீமுக்குப் போடுங்கள். ஆன்டிசெப்டிக் குளியலை இன்றோடு நிறுத்துங்கள். கிருமிநாசினித் திரவம் தோலின் மேல்பூச்சை அரித்து, வறட்சியும் எரிச்சலுமாகப் புதிதாக ஒரு அரிப்பைக் கொண்டுவரும். பூஞ்சை பெருகுகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றத் தோன்றும். உறுத்தாத சாதாரண சோப்பு, ஒரு நாளைக்கு ஒரு குளியல், வேர்த்தால் இரண்டு. பீர்க்கங்கூடு, நார் போட்டுத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் இன்னும் பரவும். அந்த இடத்தில் ரேசரும் வேண்டாம்.

குளித்ததும் இடுக்கை ஒற்றித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே கிரீம். ஈரத்தின் மேல் தடவிய கிரீம் ஊறலைத்தான் கூட்டும். கிரீமின் மேலேயே பவுடரைக் கொட்டினால் இரண்டும் சேர்ந்து களிம்பாகத் திரளும். நம் வீடுகளில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான், ஆனால் தொடை இடுக்கில் எண்ணெய் பூசினால் வேர்வை உள்ளேயே அடைபடும். நெஞ்சிலும் முதுகிலும் வரும் தேமலுக்கு எண்ணெய் இன்னும் கெடுதல், தேமலை உண்டாக்கும் பூஞ்சைக்குக் கொழுப்பே தீனி.

இறுக்கமான ஜீன்ஸை விட்டுத் தளர்ந்த பருத்தித் துணிக்கு மாறுங்கள். மழைநாளில் உள்ளாடை அரைகுறையாகக் காய்ந்தால் தையல் ஓரங்களில் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்துப் போடுங்கள்.

கேள்வி: சீமை அகத்தி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு, பூண்டும் சேர்த்து அரைச்சுப் பூசினேன். கழுத்தில் கொப்புளம் கிளம்பிவிட்டது. இலை கெட்டதா?
— போடியிலிருந்து ஒரு பெரியவர்

பதில்: ஐயா, இலை பழைய கைமருந்துதான், மலையாளத்தில் ஆனத்தகர என்று அவர்களும் பூசுகிறார்கள். கொப்புளத்துக்குக் காரணம் மற்ற இரண்டும். பச்சைப் பூண்டு தோலில் கட்டிவைத்தால் நெருப்புக் காயம்போல் வெந்துவிடும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டாலும் அப்படித்தான். கொப்புளத்தை உடைக்காமல், ஆறும் வரை எதுவும் பூசாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள்: அந்தத் திட்டு வெளுத்து, அரிப்பே இல்லாமல், தொட்டால் உணர்ச்சி குறைவாக இருக்கிறதா? அப்படியானால் அது படர்தாமரை இல்லை. தொழுநோய்க்கான பரிசோதனையை அரசு மருத்துவமனையில் உடனே செய்துகொள்ளுங்கள். மாத்திரை இலவசம், முழுக்கக் குணமாகும்.

கேள்வி: அண்ணனுக்கு எழுதின சீட்டைக் காட்டி நானும் இட்ராகோனசோல் மாத்திரை வாங்கி ஒரு மாசம் போட்டேன். கேஸ் டிரபிள் மாத்திரையும் கூடவே போடுறேன். ஒண்ணும் குறையலை. போலி மருந்தா?
— வாசகர், புளியரை

பதில்: போலி என்று முடிவு கட்டுவதற்கு முன் அந்த கேஸ் மாத்திரையைப் பாருங்கள். சாதாரண இட்ராகோனசோல் கேப்சூல் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும், சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைக் கூடவே போட்டால் மருந்தில் பெரும்பங்கு வீணாகிவிடும். இன்னொன்று, இதே பெயரில் உடம்பில் சேரும் விதம் வேறான வகைகள் விற்கின்றன. அட்டையில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து ஒன்றுக்குப் பதில் ஒன்றை வாங்கக் கூடாது.

அண்ணனின் சீட்டு உங்களுக்கு ஆகவே ஆகாது. இந்த மருந்து கல்லீரலைப் பாதிக்கலாம், இதயம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து, சில கொழுப்பு மாத்திரைகளோடு சேரவே சேராது. மருந்து கேட்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் இப்போது பரவலாக இருக்கும் பூஞ்சைக்கு 2020-ல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள், இந்தியாவின் பெயரையே சேர்த்து. அதில் டெர்பினாஃபினுக்கு அடங்காத ரகம் நிறைய. எந்த மருந்து, எத்தனை வாரம் என்பதை உங்கள் தோலைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

கேள்வி: கூடலூர்க்காரி நான். குமுளியில் ஒரு கடையில் சீட்டு கேட்காமல் ஸ்டீராய்டு ட்யூப் கொடுத்தார்கள், பில்லும் தரவில்லை. கடை கேரளத்தில், நான் தமிழ்நாட்டில். யாரிடம் புகார் செய்வது?

பதில்: சீட்டில்லாமல் விற்றதை விசாரிக்க வேண்டியது கடை இருக்கும் மாநிலத்தின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. ஆகவே கேரளத் துறையின் இடுக்கி மாவட்ட மருந்து ஆய்வாளருக்கு எழுதுங்கள். உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்குக் கேரளம் வரை அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம்.

பில் இல்லாதது வழக்குக்குப் பெரிய குறை. இனிமேல் எந்த மருந்து வாங்கினாலும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் போட்ட பில்லைக் கையில் வாங்காமல் படி இறங்காதீர்கள். போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். ட்யூபையும் அதன் அட்டைப் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாமல், தேதி எழுதி ஒரு கவரில் போட்டு வையுங்கள்.